திடீரென்று நடப்பதில்லை: குடும்ப வன்முறை மரணங்களைத் தடுக்கும் பணிக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

உலகில் 2023 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 51,100 பெண்களும் சிறுமிகளும் தங்கள் கணவராலோ துணைவராலோ குடும்பத்தைச் சேர்ந்த வேறொருவராலோ கொல்லப்பட்டார்கள் என்று ஐக்கிய நாடுகள் அவை மதிப்பிட்டிருக்கிறது. நாளொன்றுக்குச் சராசரியாக 140 பேர். அந்த ஆண்டில் கொலையுண்ட பெண்களில் நூற்றுக்கு 60 பேரின் உயிரைப் பறித்தவர்கள் அவர்களுக்கு மிக நெருங்கியவர்களே. கொலையுண்ட ஆண்களில் இந்த விகிதம் நூற்றுக்கு 12ஐக்கூட எட்டவில்லை.

இத்தகைய கொலைகளைப் பற்றிய செய்திகளில் “திடீர் ஆத்திரத்தில்” என்ற சொற்கள் வழக்கமாக இடம்பெறும். இந்தப் பணிக்குப் புதிதாக வருபவர் முதலில் கைவிட வேண்டியது அந்தச் சொற்களைத்தான். கடந்த 40 ஆண்டுகளில் கொலை வழக்குகளின் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து படித்த ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்றே: பெரும்பாலான சாவுகளுக்கு முன்பு அறிகுறிகள் இருந்தன, அவற்றில் ஒன்று காவலருக்கும், இன்னொன்று மருத்துவருக்கும், மற்றொன்று பக்கத்து வீட்டாருக்கும் தெரிந்திருந்தது, ஆனால் மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தவர் எவரும் இல்லை. இந்தக் கட்டுரை அப்படிச் சேர்த்துப் பார்ப்பது எப்படி என்பதைப் பற்றியது.

இது இளம் வழக்கறிஞர்கள், சமூகப் பணியாளர்கள், செவிலியர்கள், தன்னார்வலர்கள், ஆய்வு மாணவர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டது. இறப்போரில் பெரும்பாலானவர்கள் பெண்கள் என்பதால் “பெண்” என்றே எழுதுகிறேன்; பாதிக்கப்படுபவர் ஆணாகவோ முதியவராகவோ குழந்தையாகவோ இருந்தாலும் முறைகள் பெரும்பாலும் பொருந்தும். நீங்களே ஆபத்தில் இருந்துகொண்டு இதைப் படிப்பவரானால், படித்து முடிக்கக் காத்திருக்க வேண்டாம். உங்களைத் துன்புறுத்துபவரின் கைக்கு எட்டாத ஒரு கைபேசியிலிருந்து உங்கள் பகுதியின் அவசர உதவி எண்ணை இப்போதே அழையுங்கள்.

முதற்படி: தனித்தனி அடிகளைப் பார்க்காமல், வந்த வழியைப் பாருங்கள்

முன்பு காவல்துறையில் பணியாற்றிப் பின்னர் குற்றவியல் ஆய்வாளரான ஜேன் மாங்க்டன் ஸ்மித், துணைவரால் நிகழ்ந்த 372 கொலைகளை ஆராய்ந்து, அவை எட்டுக் கட்டங்களாக நகர்வதை 2019 இல் வெளியிட்டார். கொலையாளிக்கு முந்தைய உறவுகளிலும் இத்தகைய நடத்தை இருந்திருக்கும், உறவு மிக வேகமாக இறுகும், பிறகு அது முழுவதும் கட்டுப்பாட்டின் கீழ் வரும், அந்தக் கட்டுப்பாடு ஆட்டம் காணும்படி ஏதோ ஒன்று நிகழும், பெரும்பாலும் அவள் விலக முடிவு செய்வது, வன்முறையும் மிரட்டலும் கூடும், அவர் மனத்தில் ஒரு முடிவு உருவாகும், திட்டம் தீட்டப்படும், எட்டாவது கட்டம் கொலை. இந்த வரிசையில் ஏழு கட்டங்கள் கொலைக்கு முன்னால் இருக்கின்றன என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். தலையிடுவதற்கு அத்தனை இடங்கள் உள்ளன.

கட்டுப்பாடு என்பது அடியைவிட ஆழமானது. யாரிடம் பேசலாம், எந்த உடை உடுத்தலாம், சம்பளப் பணம் யார் கையில் இருக்கும், கைபேசியின் கடவுச்சொல் யாருக்குத் தெரியும் என்பதையெல்லாம் ஒருவரே தீர்மானிக்கும் வீட்டில், அடி அரிதாகவே விழுந்திருக்கலாம். எனவே “எத்தனை முறை அடித்தார்?” என்ற கேள்வியோடு நிறுத்திக்கொண்டால் ஆபத்து மிகுந்த வீடுகள் சில உங்கள் கண்ணில் படாமலே போய்விடும். இங்கிலாந்தும் வேல்ஸும் 2015 இல் இத்தகைய தொடர் கட்டுப்பாட்டையே தனிக் குற்றமாக்கியதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாம் படி: ஆபத்தைக் கேட்டறியக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் பணியின் இதயம் இந்தப் படி என்பதால் இங்கே சற்று நிற்க வேண்டும்.

செவிலியரும் ஆய்வாளருமான ஜாக்குலின் கேம்பல் 1985 இல் ஓர் ஆபத்து மதிப்பீட்டுப் படிவத்தை உருவாக்கினார். பின்னர் திருத்தப்பட்ட அதன் இன்றைய வடிவத்தில் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று விடையளிக்கும் 20 கேள்விகள் உள்ளன. ஆனால் அந்தக் கேள்விகளுக்கு முன்னால் வருவது ஒரு நாட்காட்டி. கடந்த ஓராண்டின் நாட்காட்டியைப் பெண்ணின் முன் விரித்து வைத்து, வன்முறை நடந்த நாள்களை அவரையே குறிக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் அதன் கடுமையை ஓர் எண்ணால் குறிக்க வேண்டும். “எப்போதாவதுதான் நடக்கும்” என்று சொல்லி வந்தவர், பிறந்தநாளையும் பண்டிகையையும் பள்ளி விடுமுறையையும் அடையாளமாக வைத்துக் குறித்துக்கொண்டே போகும்போது, கடைசி மூன்று மாதங்களில் குறிகள் நெருக்கமாகி வருவதைத் தாமே காண்பார். நீங்கள் எதையும் விளக்கத் தேவையில்லை. அந்தத் தாளைப் பார்த்து அவர் மௌனமாக இருக்கும் நேரத்தில் நீங்களும் மௌனமாக இருங்கள்.

கேம்பலும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவின் 11 நகரங்களில், கொல்லப்பட்ட 220 பெண்களின் வாழ்க்கையை, வன்முறைக்கு ஆளாகியும் உயிரோடிருந்த 343 பெண்களின் வாழ்க்கையோடு ஒப்பிட்டு 2003 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வன்முறையாளருக்குத் துப்பாக்கி கிடைக்குமானால் கொலை ஆபத்து ஐந்து மடங்குக்கு மேல் கூடியது. அவர் வேலையிழந்திருப்பது, கொன்றுவிடுவதாக மிரட்டியிருப்பது, ஆயுதத்தைக் காட்டி அச்சுறுத்தியிருப்பது, வீட்டில் அவருக்குப் பிறக்காத குழந்தை இருப்பது ஆகியவையும் ஆபத்தைக் கூட்டின. கடுமையாகக் கட்டுப்படுத்தும் ஒருவரோடு வாழ்ந்து பின் பிரிந்த பெண்ணுக்கு ஆபத்து ஏறத்தாழ ஒன்பது மடங்கு. குடும்ப வன்முறைக்காக வன்முறையாளர் முன்பு கைதாகியிருந்தால் ஆபத்து குறைந்திருந்ததையும் அந்த ஆய்வு கண்டது.

இவற்றுள் ஒரு கேள்வியை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது; அது கழுத்தைப் பற்றியது. 2008 இல் வெளியான ஆய்வின்படி, துணைவரால் முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னர் அவராலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல். ஆனால் “கழுத்தை நெரித்தாரா?” என்று கேட்டால் பலர் “இல்லை, சும்மா கழுத்தைப் பிடித்தார்” என்றுதான் சொல்வார்கள். ஆகவே கேள்வியை உடைத்துக் கேளுங்கள். அவருடைய கையோ முழங்கையோ ஏதேனும் துணியோ உங்கள் கழுத்தில் அழுந்தியதுண்டா? மூச்சு விட முடியாமல் போனதா? கண் இருட்டியதா? நடுவில் சிறிது நேரம் என்ன நடந்தது என்றே நினைவில்லையா? பிறகு குரல் கம்மியதா, எச்சில் விழுங்கும்போது வலித்ததா? உங்களை அறியாமல் சிறுநீர் பிரிந்ததா? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். அதற்கு ‘ஆம்’ என்றால் அவர் நினைவிழந்திருக்கக்கூடும், சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பியிருக்கக்கூடும் என்பதால் கூச்சத்தை ஒதுக்கிவிட்டுக் கேளுங்கள்.

மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் நாளங்கள் கழுத்தின் இருபுறமும் ஓடுகின்றன. அவற்றைச் சுமார் 10 வினாடிகள் அழுத்தினாலே நினைவு தப்பலாம். நாளத்தின் உட்சுவர் கிழிந்து ரத்தம் உறைந்தால், சில நாள்கள் கழித்தும் பக்கவாதமோ மரணமோ நேரலாம். வெளியே காயம் தெரியவில்லை என்பது ஆறுதல் அல்ல: அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் 300 கழுத்து நெரிப்பு வழக்குகளை ஆராய்ந்தபோது, அவற்றில் சரிபாதியில் கண்ணுக்குத் தெரியும் காயம் எதுவும் பதிவாகவில்லை. எனவே அண்மையில் கழுத்து அழுத்தப்பட்டிருந்தால், புகார் மனு எழுதுவதற்கு முன்பே அவரை மருத்துவமனைக்கு அனுப்புங்கள்; “கழுத்து அழுத்தப்பட்டது” என்ற சொற்களை மருத்துவக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: அவருடைய அச்சத்தை நம்புங்கள், அச்சமின்மையை அப்படியே நம்பாதீர்கள்

“அவர் என்னைக் கொன்றுவிடுவார்” என்று ஒரு பெண் சொன்னால், அதை மிகையென்று ஒதுக்க எவருக்கும் உரிமையில்லை. அந்த மனிதரின் முகமாற்றங்களை அவரைவிட நெருக்கமாக அறிந்தவர் வேறு யாரும் இல்லை. ஆனால் இதன் மறுபக்கத்தைப் புதியவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை. மேலே சொன்ன 11 நகர ஆய்வில், கொல்லப்பட்ட அல்லது கொலை முயற்சியிலிருந்து தப்பிய பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், துணைவர் கொல்லும் அளவுக்குப் போவார் என்று எண்ணியிருக்கவில்லை. அவர்கள் அறியாதவர்கள் என்பது இதன் பொருள் அன்று. அந்த அச்சத்தோடு ஒவ்வொரு நாளும் சமைத்து, குழந்தையைக் குளிப்பாட்டி, அவர் பக்கத்தில் உறங்கி எழ முடியாது என்பதால் மனம் அதைத் தள்ளி வைக்கிறது. ஆகவே “அவரே பயப்படவில்லையே” என்பது கோப்பை மூடுவதற்கான காரணம் ஆகாது.

ஆபத்து மதிப்பீட்டுப் படிவங்கள் தரும் மதிப்பெண்ணையும் இதே கவனத்தோடுதான் கையாள வேண்டும். ஸ்பெயின் நாடு 2007 முதல் ஒரு கணினி முறையைக் கொண்டு வழக்குகளின் ஆபத்தை மதிப்பிட்டு வருகிறது. ஆபத்து மிகக் குறைவு என்று அந்த முறை கணித்த பெண்களிலும் பின்னர் கொல்லப்பட்டவர்கள் உண்டு. இங்கிலாந்தின் காவல்துறை பயன்படுத்தும் 27 கேள்விப் படிவத்தை ஆராய்ந்தவர்கள், அடுத்து யாருக்குக் கடும் தீங்கு நேரும் என்பதை அது போதிய அளவு முன்னறியவில்லை என்று 2019 இல் காட்டினார்கள். படிவம் உங்களுக்கு மறதி ஏற்படாமல் காக்கும். உங்கள் இடத்தில் அமர்ந்து தீர்ப்புச் சொல்லாது. உயர்ந்த மதிப்பெண் உதவியை விரைவுபடுத்தக் காரணமாகலாம். தாழ்ந்த மதிப்பெண் எவருக்கும் உதவியை மறுக்கக் காரணமாகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நான்காம் படி: “விட்டுவிட்டு வந்துவிடு” என்று சொல்வதற்கு முன்

நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இந்த அறிவுரை, ஆயத்தமில்லாமல் பின்பற்றப்பட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். பிரிவதற்கு முந்தைய நாள்களும் பிரிந்த பின்னான மாதங்களும் தாம் மிக ஆபத்தானவை. அதனால் அவர் அங்கேயே இருக்க வேண்டும் என்று பொருளில்லை. பிரிவை ஒரு திட்டமாக நடத்த வேண்டும் என்று பொருள்.

திட்டம் என்பது பெரிய ஆவணம் அன்று. வன்முறையாளர் வீட்டில் இல்லாத நேரங்கள் எவை, வெளியேறும் வழி எது, அடையாள அட்டைகளும் குழந்தைகளின் சான்றிதழ்களும் மருந்துச் சீட்டும் எங்கே இருக்கின்றன, அவற்றின் நகல்களை நம்பிக்கையான ஒருவரிடம் முன்கூட்டியே கொடுத்து வைக்க முடியுமா, சண்டை மூளும்போது கத்தி இருக்கும் சமையலறையையும் பூட்டக்கூடிய குளியலறையையும் தவிர்த்து எந்தப் பக்கம் நகரலாம், குழந்தையிடம் எந்தச் சொல்லைச் சொன்னால் அது பக்கத்து வீட்டுக்கு ஓடும் என்பவற்றையெல்லாம் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து பேசி, அவருடைய வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். தாளில் எழுதிக் கொடுக்க வேண்டாம், அது கண்டெடுக்கப்படலாம். கைபேசியின் இருப்பிடப் பகிர்வு, இருவரும் பயன்படுத்தும் மின்னஞ்சல் கணக்கு, குழந்தையின் விளையாட்டுக் கருவி ஆகியவற்றின் வழியாகப் பெண் இருக்குமிடம் தெரிந்துவிடலாம். ஆனால் அவற்றைச் சட்டென்று அணைத்தால் வன்முறையாளருக்குச் சந்தேகம் எழும் என்பதால், எப்போது அணைப்பது என்பதும் திட்டத்தின் ஒரு பகுதியே.

நீங்கள் மீண்டும் அழைக்கக்கூடிய பாதுகாப்பான நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அழைப்பை வேறொருவர் எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

ஐந்தாம் படி: சட்டத்தைப் பாதுகாப்புக் கருவியாகப் பயன்படுத்துங்கள்

குடும்ப வன்முறைச் சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆனால் அவற்றில் இரு வகை வழிகள் பொதுவாக உண்டு. ஒன்று, நடந்த குற்றத்துக்குத் தண்டனை தேடும் குற்றவியல் வழி. மற்றொன்று, இனி நடக்காமல் தடுக்கும் பாதுகாப்பு உத்தரவு. உயிரைக் காப்பதற்கு இரண்டாவது முதலில் தேவைப்படும். எதிர்த்தரப்பைக் கேட்பதற்கு முன்பே இடைக்கால உத்தரவு வழங்க உங்கள் நாட்டுச் சட்டம் இடமளிக்கிறதா என்பதை முதல் நாளிலேயே அறிந்துகொள்ளுங்கள். இந்தியாவின் 2005 ஆம் ஆண்டுச் சட்டம் 23 ஆம் பிரிவில் அதற்கு இடமளிக்கிறது. அதேபோல, வெளியேற வேண்டியவர் அடிபட்டவர் அல்லர், அடித்தவரே என்ற கொள்கையை 1997 இல் சட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்த ஆஸ்திரியா, வன்முறையாளரை உடனடியாக வீட்டை விட்டு வெளியேற்றும் அதிகாரத்தைக் காவலருக்குக் கொடுத்தது. பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுக்க ஐரோப்பிய நாடுகள் உருவாக்கி 2014 இல் நடைமுறைக்கு வந்த இஸ்தான்புல் உடன்படிக்கை, இத்தகைய அவசர வெளியேற்ற உத்தரவை 52 ஆம் பிரிவிலும், உயிராபத்தை மதிப்பிடும் கடமையை 51 ஆம் பிரிவிலும் உறுப்பு நாடுகள் மீது சுமத்துகிறது.

மனு எழுதும்போது “அடிக்கடி கொடுமைப்படுத்தினார்” என்ற வாக்கியம் நீதிபதிக்கு எதையும் காட்டாது. நாள், நேரம், இடம், எந்தக் கை, எந்தப் பொருள், யார் பார்த்தார்கள் என்று எழுதுங்கள். மிரட்டலை உங்கள் நடைக்கு மாற்றாமல் அவர் சொன்ன சொற்களிலேயே, மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். “உயிருக்கு ஊறு விளைவிப்பதாக அச்சுறுத்தினார்” என்பதைவிட, “நீ கோர்ட்டுக்குப் போன அன்னிக்கே உன்னை முடிச்சிடுவேன்” என்ற வரி பல மடங்கு சொல்லும். அது நிபந்தனையையும் நாளையும் உள்ளடக்கிய மிரட்டல். வேண்டும் நிவாரணங்களையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: வீடு, பணியிடம், குழந்தைகளின் பள்ளி ஆகிய மூன்றையும் பெயரிட்டு அணுகத் தடை, தொலைபேசி வழியாகவோ உறவினர் வழியாகவோ தொடர்புகொள்ளத் தடை, ஆயுதங்களை ஒப்படைக்கும் ஆணை. அமெரிக்காவில் பாதுகாப்பு உத்தரவுக்கு உட்பட்டவர் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் 1994 ஆம் ஆண்டுச் சட்டத்தை, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் 8க்கு 1 என்ற பெரும்பான்மையில் நிலைநிறுத்தியது.

உத்தரவு கைக்கு வந்ததும் வேலை முடிந்துவிட்டதாகப் புதியவர்கள் எண்ணுவதுண்டு. அறிவிப்பு வன்முறையாளர் கையில் சேரும் நாள்தான் மிகவும் கவனிக்க வேண்டிய நாள். அன்று பெண்ணும் குழந்தைகளும் எங்கே இருப்பார்கள் என்பதை அதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். உத்தரவின் நகல் பெண்ணிடமும் பள்ளியிலும் பகுதிக் காவல் நிலையத்திலும் இருக்கட்டும். முதல் மீறலையே, அது ஒரு குறுஞ்செய்தியாக இருந்தாலும், எழுத்தில் புகார் செய்யுங்கள். சிறிய மீறலுக்கு விளைவில்லை என்று அறிந்துகொண்டவர் அடுத்ததற்குத் துணிவார்.

கணவன் மனைவி இருவரையும் ஒரே மேசையில் அமர்த்திச் சமரசம் பேசும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் அன்றிரவு வீட்டில் என்ன நடக்கும் என்று அறிந்த பெண் அந்த மேசையில் உண்மையைச் சொல்ல மாட்டார். கட்டாயச் சமரசத்தை இஸ்தான்புல் உடன்படிக்கையின் 48 ஆம் பிரிவு தடை செய்கிறது. உங்கள் நாட்டில் அப்படியொரு தடை இல்லாவிட்டாலும், கொலைமிரட்டலோ கழுத்து நெரிப்போ இருந்த வழக்கில் நீங்கள் அதற்கு உடன்படாதீர்கள்.

ஆறாம் படி: புகார் திரும்பப் பெறப்பட்டாலும் கடமை முடிவதில்லை

துருக்கியைச் சேர்ந்த நஹிதே ஓபுஸ் என்ற பெண்ணும் அவருடைய தாயும் பல ஆண்டுகளாக நஹிதேயின் கணவரால் தாக்கப்பட்டு வந்தார்கள். காரை ஏற்றித் தாக்கினார். மிரட்டலுக்குப் பயந்து அவர்கள் புகாரைத் திரும்பப் பெறும்போதெல்லாம் வழக்குகள் கைவிடப்பட்டன. 2001 இல் அவர் நஹிதேயை ஏழு இடங்களில் கத்தியால் குத்தினார். நீதிமன்றம் அதற்கு விதித்த தண்டனை, எட்டுத் தவணைகளில் செலுத்தக்கூடிய ஓர் அபராதம். 2002 மார்ச்சில், மகளோடு வேறு ஊருக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்த தாயை அவர் சுட்டுக் கொன்றார்.

ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2009 ஜூன் 9 அன்று இவ்வழக்கில் அளித்த தீர்ப்பு, இந்தத் துறையில் பணிபுரியும் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. ஆபத்தை அறிந்திருந்தும் காக்கத் தவறியதால் வாழ்வுரிமை மீறப்பட்டது என்று அந்நீதிமன்றம் கூறியது. பாதிக்கப்பட்டவர் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்பது அரசுக்குத் தப்பும் வழியாகாது என்றும், குற்றம் எவ்வளவு கடுமையோ, மேலும் நேரக்கூடிய ஆபத்து எவ்வளவு பெரிதோ அந்த அளவுக்கு வழக்கைத் தொடர வேண்டிய தேவை கூடுகிறது என்றும் விளக்கியது. புகார் திரும்பப் பெறப்படும்போது நீங்கள் கேட்க வேண்டியது “ஏன் மனம் மாறினார்?” என்பதை அல்ல, “இந்த வாரம் அவரிடம் யார், என்ன பேசினார்கள்?” என்பதை.

ஏழாம் படி: தனியாகச் சுமக்காதீர்கள்

2003 இல் வேல்ஸின் கார்டிஃப் நகரில் தொடங்கிய ஒரு முறை எளிமையானது. ஆபத்து மிகுந்த வழக்குகளுக்காகக் காவல்துறை, மருத்துவம், வீட்டுவசதி, குழந்தைகள் நலம், பெண்கள் உதவி அமைப்பு ஆகியவற்றின் பிரதிநிதிகள் குறித்த இடைவெளியில் கூடுவார்கள். ஒவ்வொரு வழக்கிலும் தங்கள் கோப்பில் உள்ளதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வது என்று முடிவெடுத்துக் கலைவார்கள். பெண்ணின் சார்பில் பேச ஒருவர் கூட்டத்தில் இருப்பார். வன்முறையாளருக்குக் கூட்டம் நடப்பதே தெரியக் கூடாது. அமெரிக்காவின் மேரிலாந்தில் 2005 இல் தொடங்கிய இன்னொரு முறையில், வீட்டுக்கு வந்த காவலர் 11 கேள்விகளைக் கேட்டு, ஆபத்து தெரிந்தால் அங்கிருந்தபடியே உதவி மையத்தை அழைத்துத் தொலைபேசியைப் பெண்ணின் கையில் கொடுக்கிறார். “இந்த எண்ணில் பேசுங்கள்” என்று ஒரு சீட்டைக் கொடுப்பதற்கும் அழைப்பு இணைக்கப்பட்ட தொலைபேசியைக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. இதற்குப் புதிய சட்டமோ பெரும் பணமோ தேவையில்லை. உங்கள் அலுவலகத்தில் நாளையே தொடங்கலாம்.

எட்டாம் படி: இறந்த பின்னும் கேள்விகள் உண்டு

எல்லாக் கொலைகளும் கொலையாகப் பதிவாவதில்லை. மாடியிலிருந்து விழுந்தார், அடுப்புத் தீப்பற்றியது, தூக்கிட்டுக்கொண்டார் என்று முடிக்கப்பட்ட கோப்புகளுக்குள் சில, வேறு கதையை வைத்திருக்கும். இந்தியச் சட்டத்தில், மணமாகி 7 ஆண்டுகளுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ ஐயத்துக்குரிய முறையில் இறந்தாலோ நிர்வாக நடுவர் விசாரணை நடத்த வேண்டும் என்ற விதி இருப்பது இதனால்தான். 7 ஆண்டு என்ற கோடு அந்தச் சட்டம் வரைந்தது; எட்டாம் ஆண்டில் ஆபத்து நீங்கிவிடுவதில்லை என்பதையும் பணிபுரிவோர் நினைவில் கொள்ள வேண்டும். வன்முறை வரலாறு உள்ள பெண் இறந்தால், உடற்கூறாய்வில் கழுத்துத் திசுக்கள் அடுக்கடுக்காகத் திறந்து பார்க்கப்பட்டனவா என்று கேளுங்கள். வெளித்தடமில்லாத கழுத்து நெரிப்பு அங்கேதான் தெரியவரும். உண்மையான தற்கொலையாக இருந்தாலும் கேள்வி ஓய்வதில்லை: எந்த வன்முறை அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது? இங்கிலாந்தும் வேல்ஸும் இத்தகைய தற்கொலைகளையும் தங்கள் மரண ஆய்வுகளில் சேர்க்கின்றன.

மரண ஆய்வு என்பது நீதிமன்ற விசாரணை அன்று. 1990 இல் சான் பிரான்சிஸ்கோவில் வீணா சரண் என்ற பெண், பல அலுவலகங்களின் கதவைத் தட்டிய பிறகும் தம் கணவரால் கொல்லப்பட்டபோது, அந்த அலுவலகங்கள் ஒவ்வொன்றும் என்ன செய்தன என்பதை வரிசைப்படுத்திப் பார்த்த ஆய்வே இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2003 இல் இதற்கென்று நிலையான குழு அமைத்தது. அது ஆராய்ந்த மரணங்களில் ஏறத்தாழ 10 இல் 7இல், ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட ஆபத்துக் காரணிகள் கொலைக்கு முன்பே இருந்தன. இங்கிலாந்தில் 2011 முதல் இந்த ஆய்வு சட்டக் கடமை.

செய்முறை இதுதான். ஒரு நீண்ட தாளின் இடப்பக்கத்தில் தேதிகளை எழுதுங்கள். மேலே ஒவ்வோர் அலுவலகத்துக்கும் ஒரு கட்டம். கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டு: மார்ச் 3, மருத்துவமனை, தொண்டை வலிக்கு மாத்திரை, காரணம் கேட்கப்படவில்லை. மார்ச் 5, பள்ளி, குழந்தை வரவில்லை. மார்ச் 9, காவல் நிலையம், எழுதி வாங்கிச் சமரசம். மார்ச் 10, கணவரின் அலுவலகம், வேலைநீக்கம். மார்ச் 14, மரணம். தனித்தனிக் கட்டங்களில் சிறியவையாக இருந்தவை ஒரே தாளில் வேறாகத் தெரியும். யாரைக் குற்றம் சொல்வது என்று தேடினால் அலுவலகங்கள் கோப்பை மறைக்கும். எந்தக் கேள்வி கேட்கப்படவில்லை, எந்தத் தகவல் எந்த மேசையில் நின்றுபோனது என்று தேடினால் பேசும். பரிந்துரை எழுதும்போது “விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்” என்று முடிக்காமல், எந்தப் பதவியில் உள்ளவர் எந்தப் படிவத்தில் எந்தக் கேள்வியை எந்தத் தேதிக்குள் சேர்க்க வேண்டும் என்று எழுதுங்கள். அந்தத் தேதியில் போய்ப் பாருங்கள்.

ஒன்பதாம் படி: ஆய்வைப் படிக்கவும் செய்யவும்

ஒரே ஓர் ஆய்வைக் கொண்டு சட்டத்தை மாற்றுவதில் ஆபத்து உண்டு. 1981-82இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், அழைப்பு வந்த வீடுகளில் சிலவற்றில் கைது, சிலவற்றில் அறிவுரை, சிலவற்றில் தற்காலிகப் பிரிப்பு என்று குலுக்கல் முறையில் ஒதுக்கிப் பார்த்தபோது, கைது மறுவன்முறையைக் குறைத்தது. 1984 இல் முடிவு வெளியானதும் கைதைக் கட்டாயமாக்கும் சட்டங்கள் அமெரிக்கா முழுவதும் பரவின. பிற நகரங்களில் அதே சோதனையைச் செய்தபோது விடை ஒன்றுபோல் வரவில்லை. சில இடங்களில் வேலையற்றவர்களைக் கைது செய்தபின் வன்முறை கூடியது. அந்த நகரங்களில் ஒன்றான மில்வாக்கியில், சோதனை நடந்து 23 ஆண்டுகள் கழித்துத் தேடியபோது, துணைவர் எச்சரிக்கையோடு விடப்பட்ட பெண்களைவிடக் கைதான ஆண்களின் துணைவியரிடையே, எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த இறப்பு 64 சதவீதம் கூடுதலாக இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை கொலைகள் அல்ல, நோயால் வந்தவை. கைதே தவறு என்று இதிலிருந்து முடிவு செய்யக் கூடாது. 11 நகர ஆய்வு வேறுவிதமாகச் சொன்னதை மேலே கண்டோம். கைதுக்குப் பின் அந்தப் பெண்ணை யார் போய்ப் பார்த்தார்கள் என்ற கேள்வியைச் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நீங்களே கள ஆய்வு செய்வதானால், உலகச் சுகாதார அமைப்பு 2001 இல் வெளியிட்ட பாதுகாப்பு நெறிகளிலிருந்து தொடங்குங்கள். ஒரு வீட்டில் ஒரு பெண்ணை மட்டுமே நேர்காண வேண்டும். பேசுபவர் தனியாக இருக்க வேண்டும். ஆய்வை “பெண்களின் உடல்நலம்” என்பது போன்ற பொதுப்பெயரால்தான் அறிமுகப்படுத்த வேண்டும். பயிற்சி பெற்ற நேர்காணலாளர், உணவு, தூக்கம், காய்ச்சல் பற்றிய இன்னொரு கேள்வித்தாளை அடியில் வைத்திருப்பார். யாரேனும் உள்ளே வந்தால், குரல் மாறாமல் அந்தத் தாளுக்கு நகர்ந்து, “குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா?” என்று கேட்பார். இந்த மாற்றத்தை இருவராக அமர்ந்து, உங்கள் முகமும் மாறாத வரை பயிற்சி செய்யுங்கள். பேசிய பெண்ணுக்கு அன்றே உதவி தேவைப்பட்டால் எங்கே அனுப்புவது என்று தெரியாமல் எந்த வீட்டின் கதவையும் தட்டாதீர்கள்.

மரண ஆய்வின் வரைவு முடிந்ததும், அதை வெளியிடுவதற்கு முன் இறந்தவரின் தாயோ தந்தையோ உடன்பிறந்தாரோ படிக்க நேரம் கொடுங்கள்; தேதிகளில் உள்ள பிழைகளை அவர்களே முதலில் கண்டுபிடிப்பார்கள். அறிக்கையில் உண்மைப் பெயர் வராது என்பதால் வேறொரு பெயர் வேண்டும். அதை ‘பெண் 1’ என்றோ எழுத்துக் குறியாலோ நீங்களே இட்டுவிடாமல், எந்தப் பெயரால் அழைக்கலாம் என்று அவர்களைக் கேளுங்கள். இங்கிலாந்தின் ஆய்வுகளில் குடும்பத்தாரே அந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.